சத்து மாத்திரையும் ரத்தத்தின் கணக்கும்

பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். பலர் இதை உடல்சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் குடிப்பார்கள். சிலர் மஞ்சள் காமாலையோ என்று பயந்துவிடுவார்கள். உண்மையில் அது ரிபோஃப்ளேவின் எனப்படும் வைட்டமின் பி2-வின் இயல்பான நிறம். உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

சத்து மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. நாம் விழுங்கும் வைட்டமினில் எவ்வளவு குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகிறது? போனது எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறது? ஆய்வகம் தரும் அறிக்கையில் எண் ஏறிவிட்டால், உடம்புக்கும் அதே அளவு நன்மை கிடைத்துவிட்டதா? கடந்த நூறு ஆண்டுகளில் மருத்துவ அறிவியல் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடைகளைக் கண்டிருக்கிறது. ஒவ்வொரு வைட்டமினுக்கும் விடை வேறு வேறு. அதனால்தான் எல்லாச் சத்தையும் ஒரே குப்பியில் அடைத்து, எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுக்கும் வழக்கத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஏழு பேர் சொன்ன பாடம்

வைட்டமின் சி-யில் தொடங்கலாம். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-இல் எழுதிய ஒரு புத்தகம், தினமும் கிராம் கணக்கில் வைட்டமின் சி சாப்பிட்டால் சளி அண்டாது என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது. 500 மில்லிகிராம், 1,000 மில்லிகிராம் மாத்திரைகள் கடைகளில் குவிந்தன. ஆனால் அவ்வளவு வைட்டமின் சி ரத்தத்தில் உண்மையில் என்ன செய்கிறது என்பதை யாரும் கவனமாக அளந்து பார்க்கவில்லை.

அதை அளந்தவர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மார்க் லெவின். அவருடைய குழுவின் ஆய்வு 1996-இல் வெளியானது. ஆரோக்கியமான ஏழு இளைஞர்கள் பல மாதங்கள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். முதலில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லாத உணவு கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவைத் தாழ்த்தினார்கள். ஏழு பேரில் ஆறு பேருக்குச் சோர்வோ எரிச்சலோ வந்தது. பிறகு தினமும் 30 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 2,500 மில்லிகிராம் வரை கொடுத்து, ஒவ்வொரு படியிலும் ரத்தத்தைச் சோதித்தார்கள்.

தினம் 60 மில்லிகிராம் சாப்பிட்டபோது ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் சுமார் 25 மைக்ரோமோல் இருந்தது. 100 மில்லிகிராம் ஆக்கியதும் அது ஏறக்குறைய 56-க்குத் தாவியது. 200 மில்லிகிராமில் சுமார் 66. அதற்குப் பிறகு ஏற்றம் மந்தமாகிவிட்டது. அளவை ஐந்து மடங்காக்கி 1,000 மில்லிகிராம் கொடுத்தும் எண் எண்பதை எட்டவில்லை. வெள்ளணுக்களோ 100 மில்லிகிராமிலேயே நிறைந்துவிட்டன.

ஏரி நிரம்பியபின் வருகிற வெள்ளமெல்லாம் கலங்கல் வழியே வழிந்தோடுவதுபோல, உடல் நிறைந்தபின் வருகிற வைட்டமின் சி வெளியேறிவிடுகிறது. இதற்கு இரண்டு இடங்களில் ஏற்பாடு இருக்கிறது. குடல் சுவரில் வைட்டமின் சி-யை ஏற்றிச் செல்லும் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே தடவையில் 200 மில்லிகிராம் கொடுத்தபோது முழுவதும் உறிஞ்சப்பட்டது; 500 மில்லிகிராமை எட்டியதும் உறிஞ்சப்படும் விகிதம் குறைந்தது. அடுத்தது சிறுநீரகம். ரத்தத்தில் அளவு குறைவாக இருக்கும்போது, வடிகட்டிய வைட்டமின் சி-யைச் சிறுநீரகம் மீண்டும் இழுத்து ரத்தத்துக்கே அனுப்பும். அளவு போதுமானதாக ஆனதும் அப்படியே வெளியே விட்டுவிடும்.

நம் நாட்டு ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது, அந்த ஏழு பேரின் ரத்தத்தை நிறைவுக்கு மிக அருகில் கொண்டுவந்த அளவை ஒரு கொய்யாப்பழமே கொடுத்துவிடும்.

ஒரு மருத்துவரின் வயிற்றில் நடந்த சோதனை

வைட்டமின் பி12-இன் கதை வேறு. இங்கே சிக்கல் அளவில் இல்லை, வழியில் இருக்கிறது. 1920-களில் ஒருவகைக் கொடிய ரத்தசோகை பலரைக் கொன்றுகொண்டிருந்தது. நன்றாகச் சாப்பிடுபவர்களுக்கும் அது வந்தது. நிறைய ஈரல் சாப்பிட்டால் மட்டும் தேறினார்கள். அதைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் மினோ, வில்லியம் மர்ஃபி, ஜார்ஜ் விப்பிள் ஆகிய மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாஸ்டன் நகர மருத்துவமனையில் இருந்த வில்லியம் காஸில் என்ற இளம் மருத்துவர் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். சாதாரண ஆட்களுக்குக் கொஞ்சம் இறைச்சியே போதுமாக இருக்கும்போது, இந்த நோயாளிகளுக்கு மட்டும் ஏன் போதவில்லை? அவர் மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, பதப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். வெறும் இறைச்சியால் தேறாத நோயாளிகளின் ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகின. ஆரோக்கியமான இரைப்பை சுரக்கும் ஏதோ ஒன்று உணவிலுள்ள சத்தோடு சேர்ந்தால்தான் அது உடலில் ஏறுகிறது என்பது புரிந்தது. அந்தச் சுரப்பை இன்று 'உள்ளார்ந்த காரணி' என்கிறோம். உணவிலிருந்த அந்தச் சத்துதான் பி12.

இந்தக் காரணி ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம் பி12-ஐத்தான் ஏற்றிச் செல்லும். மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரையில் 1,500 மைக்ரோகிராம் இருக்கிறதே, மீதி எங்கே போகிறது? பெரும்பகுதி மலத்தோடு போய்விடுகிறது. ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு மட்டும் காரணியின் உதவி இல்லாமலே குடல் சுவர் வழியாகக் கசிந்து ரத்தத்தில் சேர்கிறது. 1,500-இல் நூற்றில் ஒரு பங்கு 15 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவையோ 2.2 மைக்ரோகிராம்தான். அதனால்தான் இரைப்பை பழுதானவர்களில் பலருக்கும் அதிக அளவு மாத்திரை வேலை செய்கிறது. வைட்டமின் சி-யில் வீணாகத் தெரிந்த பெரிய அளவு, இங்கே காரணத்தோடு கொடுக்கப்படுகிறது.

பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்கள், முதியவர்கள், சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் எடுப்பவர்கள் ஆகியோர் பி12 சோதனை செய்துகொள்வது நல்லது. கல்லீரலில் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேர்ந்திருப்பதால், குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் விளைவு என்று மட்டும் நினைத்து விட்டுவிட்டால், நரம்பின் சேதம் நிலைத்துப்போகக்கூடும்.

ரத்தத்தில் பி12 அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் செல்களுக்குள் பற்றாக்குறை இருக்கலாம். ரத்தத்தில் ஓடும் பி12-இல் ஏறக்குறைய கால் பங்குதான் செல்களுக்குள் போகக்கூடிய வடிவில் இருக்கிறது. அறிகுறியும் எண்ணும் ஒத்துப்போகாதபோது மருத்துவர்கள் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவற்றையும் அளக்கச் சொல்வது இதனால்தான். பி12 குறைந்தால் இவை இரண்டும் ஏறும்.

ஃபோலிக் அமிலத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ்தான் இந்தச் சத்துக்கு முதலில் தடம் காட்டியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த யெல்லப்ரகட சுப்பாராவ் வழிநடத்திய அமெரிக்க ஆய்வுக் குழு 1940-களில் அதைச் செயற்கையாக உருவாக்கியது. கருத்தரிக்கும் முன்பே இதைச் சாப்பிடத் தொடங்கினால், குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படுகின்றன. இவ்வளவு நல்ல மருந்தும் பி12 குறைந்தவரிடம் தனியாகப் போனால் ஆபத்து. ரத்தசோகை சரியாகிவிடும், ரத்த அறிக்கை நன்றாகத் தெரியும், நரம்பின் சேதம் மட்டும் உள்ளே தொடரும்.

மெதுவாக ஏறும் டி

நீரில் கரையும் வைட்டமின்களின் உபரியைச் சிறுநீரகம் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். கொழுப்பில் கரையும் ஏ, டி போன்றவற்றுக்கு அந்த வசதி இல்லை. அவை உடலில் தங்கும்.

வைட்டமின் டி-யை விழுங்கியதும் அது கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. அதனால் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது நல்லது. கல்லீரல் அதை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற வடிவுக்கு மாற்றுகிறது. நம் ஆய்வக அறிக்கையில் வருவது இந்த வடிவத்தின் அளவுதான். இது ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஆகவே தினசரி மாத்திரை தொடங்கியபின் எண் ஏறி ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். பத்து நாளில் மறுபடி சோதனை செய்து, "ஏறவே இல்லையே" என்று கவலைப்பட்டு அளவைக் கூட்டிக்கொள்வது தவறு. உடற்பருமன் உள்ளவர்களுக்கு அதே மாத்திரையில் எண் குறைவாகவே ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊரில் 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) அளவுள்ள பாக்கெட்டுகளும் கேப்சூல்களும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. குறைபாடு உறுதியானவர்களுக்கு இதை வாரம் ஒன்று வீதம், சில வாரங்களுக்கு எழுதித் தருகிறார்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டவர்களுக்கும், நிறுத்தாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்கும் நஞ்சாக மாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 150-ஐத் தாண்டினால் நஞ்சாகும் ஆபத்து. அப்போது ரத்தத்தில் கால்சியம் எகிறும். வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம், சிறுநீரகச் செயலிழப்பு வரை போகலாம்.

நஞ்சாகும் அளவுக்குப் போகாவிட்டாலும், மொத்தமாகக் கொட்டுவது பயன் தராது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. எலும்பு முறிவைத் தடுக்கலாம் என்ற நல்ல நோக்கத்தில், 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் ஐ.யு. கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 2010-இல் வெளியான முடிவில், வைட்டமின் டி பெற்றவர்கள் 15 சதவீதம் அதிகமாகக் கீழே விழுந்திருந்தார்கள். எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். ரத்தத்தில் எண் ஏறத்தான் செய்தது. எலும்புக்கு அதனால் தீமைதான் விளைந்தது.

போதுமான அளவு ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் தினமும் மிதமாகக் கொடுத்தால்? அமெரிக்காவில் 25,871 பேர் பங்கேற்ற 'வைட்டல்' ஆய்வு இதைச் சோதித்தது. தினம் 2,000 ஐ.யு. சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அளவு சராசரியாக 30-இலிருந்து 42 நானோகிராம் அளவுக்கு உயர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்து பார்த்தும், புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை.

திருச்சியும் பின்லாந்தும்

இந்தக் கட்டுரையின் மையம் வைட்டமின் ஏ-யில்தான் இருக்கிறது. நம் உடலிலுள்ள வைட்டமின் ஏ-யில் பெரும்பகுதி கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. ரத்தத்தில் அதன் அளவு குறையாமல் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துபோகும்வரை ரத்த எண் இயல்பாகவே காட்டும். காய்ச்சல், கிருமித்தொற்று வந்தால் கையிருப்பு இருந்தும் எண் இறங்கும். எனவே இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

1990-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், திருச்சிராப்பள்ளி மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகள் அதில் இருந்தார்கள். நூற்றில் சுமார் 11 குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாட்டின் கண் அறிகுறிகள் தெரிந்தன. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை 8,333 ஐ.யு. என்ற சிறிய அளவில் வைட்டமின் ஏ ஊற்றினார்கள். அந்தக் குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. கண்ணுக்கான வைட்டமின் என்று நாம் நினைத்தது, வயிற்றுப்போக்குக்கும் தட்டம்மைக்கும் பலியாகும் உயிர்களையும் காப்பாற்றுகிறது என்பதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட ஆதாரங்களில் இது ஒன்று. இன்று அங்கன்வாடிகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு ஊற்றப்படும் வைட்டமின் ஏ திரவத்துக்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகளின் பலம் இருக்கிறது.

இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1994-இல், பின்லாந்திலிருந்து வேறொரு முடிவு வந்தது. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறக்கூடிய பீட்டா கரோட்டின், காரட்டிலும் கீரையிலும் நிறைய இருக்கிறது. ரத்தத்தில் இது அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதை முந்தைய ஆய்வுகள் கண்டிருந்தன. அப்படியானால் மாத்திரை கொடுத்து ரத்த அளவைக் கூட்டினால் புற்றுநோயைத் தடுக்கலாமே என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். அவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. நுரையீரல் புற்றுநோயும் 18 சதவீதம் அதிகமானது. அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு நடந்த மற்றொரு பெரிய ஆய்வை, தீமை தெரிந்ததும் 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகம் இருந்தது காய்கறி, பழங்கள் நிறையச் சாப்பிட்டதன் அடையாளம். அந்த அடையாளத்தை மட்டும் மாத்திரையால் உண்டாக்கிவிட்டால், காய்கறி சாப்பிட்ட பலன் வந்துவிடாது. திருச்சியில் வைட்டமின் உயிர் காத்ததற்கும் பின்லாந்தில் தீங்கு செய்ததற்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: அந்தக் குழந்தைகளுக்குக் குறைபாடு இருந்தது, இந்த ஆண்களுக்குத் தேவைக்குமேல் திணிக்கப்பட்டது.

அறிக்கையையே மாற்றும் மாத்திரை

முடி கொட்டுகிறது என்று பலரும் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 30, 40 மைக்ரோகிராம் போதும் என்கிற இந்த வைட்டமின், அந்த மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் அளவில் இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் ரத்தத்திலுள்ள ஹார்மோன்களை அளக்கும்போது, பயோட்டின் ஒரு புரதத்தோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் தன்மையைத்தான் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் கணக்கு தப்பிவிடும். தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டி, நல்ல தைராய்டு உள்ளவரை நோயாளியாக்கிவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனை, அளவைக் குறைத்துக் காட்டிவிடலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. ரத்தம் கொடுக்கப் போகும்போது, சாப்பிடும் சத்து மாத்திரைகளின் பெயரையும் மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிட வேண்டும். பயோட்டினை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

சத்து மாத்திரைகளே வேண்டாம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் தேவை. பி12 குறைந்த சைவருக்கும் முதியவருக்கும் அந்த மாத்திரையோ ஊசியோ தேவை. டி குறைபாட்டால் எலும்பு வலியோடு இருப்பவருக்கு வைட்டமின் டி மருந்துதான். அங்கன்வாடியில் வைட்டமின் ஏ ஊற்ற அழைத்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள். இவர்களெல்லாம் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் தவறு.

குறைபாடு இருக்கிறதா என்று தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், விளம்பரத்தில் வந்தது என்று வாங்கிச் சாப்பிடுவதைத்தான் விட வேண்டும். மருத்துவர் எழுதித் தந்தால் எவ்வளவு, எத்தனை நாளைக்கு, மறுசோதனை எப்போது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒன்றா, தினம் ஒன்றா என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வையுங்கள். குறைபாடு இல்லை என்று தெரிந்துவிட்டால், மாத்திரைக்குச் செலவாகும் பணத்தைக் கீரைக்கும் முட்டைக்கும் பழத்துக்கும் செலவிடுங்கள். குறைந்திருப்பவரின் ரத்தத்தில் சத்தை ஏற்றுவது மருத்துவம். நிறைந்திருப்பவரின் ரத்தத்தில் ஏற்றுவது வீண் செலவு, சில வேளைகளில் ஆபத்தும்கூட.